நிழல் விலகிய கார்

டோக்கன் பதினாலு. கவுன்டருக்கு மேலே மாட்டியிருந்த சின்னப் பெட்டியில் சிவப்பாக ஒன்பது எரிந்துகொண்டிருந்தது. ஒன்பதுக்கும் பதினாலுக்கும் நடுவில் நாலு பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் வைத்தாலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பத்து நிமிஷம் ஒன்றும் பெரிய நேரமில்லை என்று நினைத்துக்கொண்டே சலோமி மரபெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி, முழங்காலை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தாள். மேலே மின்விசிறி சுற்றியது, சுற்றியதே தவிரக் காற்று கீழே வந்து சேரவில்லை. மே மாதம், மணி பத்தே முக்கால், அதற்குள் சுவரெல்லாம் அனலடித்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் புருஷனின் இறப்புச் சான்றிதழ். ஞானதிரவியம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஞானதிரவம் என்று அடித்திருந்தார்கள். ஒரு சுழியும் ஒரு யகரமும் போயிற்று, மனிதர் திரவமாகிவிட்டார். முதல் தடவை பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, செத்து இருபது நாள்கூட ஆகாத வீட்டில் சிரித்துவிட்டோமே என்று அன்றைக்கெல்லாம் வெட்கமாக இருந்தது. இப்போது சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் இல்லை, இந்த ஒரு சுழிக்காக மூன்றாவது முறை வந்து உட்கார்ந்திருக்கிற அலுப்புதான் உடம்பெல்லாம் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கிடந்தது. முதல் தடவை ஆதார் நகல் இல்லை, இரண்டாம் தடவை நகல் எடுக்க வெளியே போன நேரத்தில் நம்பரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். தாண்டின நம்பரை மறுபடி கூப்பிட மாட்டோம்மா, நாளைக்கு வாங்க என்று அந்தக் கவுன்டர் பெண் தலை நிமிராமல் சொன்னாள். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் நகல் இருக்கிறது. இன்றைக்கு எழுந்திருக்கப்போவதில்லை. வெளியே, காம்பவுண்டுக்குள், வேப்பமரத்து நிழலில் கார் நிற்கிறது. காருக்குள் நாய் இருக்கிறது.

நாயை ஏன் கூட்டிவந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் இருந்தது, அவள் அதை இரண்டு தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டாள். நாய்க்குக் காதில் சீழ். பன்னிரண்டு மணிக்கு மிருக டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி இதே ரோட்டில், இரண்டு பாலம் தாண்டினால் வந்துவிடும். இதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் நாயை ஏற்றித் திரும்பவும் இவ்வளவு தூரம் வருவதென்றால் கிளட்சை மிதித்து மிதித்து இந்த முழங்கால் ராத்திரி தூங்க விடாது. ஒரே நடையில் இரண்டு வேலை. கேட்டில் நின்ற வாட்ச்மேன், யம்மா, நாய உள்ள கொண்டாந்திராதீங்க, போன வாரம் ஒருத்தர் கொண்டாந்து பெரிய சண்டையாயிட்டு என்று அவள் கேட்காமலே சொன்னார். மரத்தில் கட்டிப்போடலாம் என்றால் அங்கே ஏற்கெனவே மூன்று தெருநாய்கள் படுத்திருந்தன. ஆகவே காருக்குள்ளேயே விட்டாள். கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கினாள், அதற்கு மேல் இறக்கினால் தலையை நுழைத்துவிடும், ஒருமுறை சிக்னலில் நிற்கும்போது அப்படித்தான் குதித்துவிட்டது. இதோ வந்திருதேன், பத்தே நிமிஷம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நாயிடம் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை. அது அவருடைய பழக்கம். அவர் சொல்ல வேண்டியதை அவருக்குப் பதிலாகத் தான் சொன்னது போல இருந்தது, சொல்லும்போது குரல்கூட அப்படித்தான் தணிந்து வந்தது.

மேஜர் என்று பேர் வைத்ததும் அவர்தான். இருபது வயசில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய், உயரம் அரை அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, முப்பத்தைந்து வருஷம் தபால் பிரித்து ஓய்வு பெற்ற மனிதர், ரிட்டயரான மறு வாரம் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் வைத்தார். சலோமி, இங்க பாரு, மேஜர் வந்திருக்காரு என்றார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி, லாப்ரடார் என்று சொன்னார்கள், தன் மூத்திரத்திலேயே படுத்துக் கிடந்தது. எனக்கு ஏற்கெனவே ஸ்கூல்ல நாப்பத்தெட்டு பிள்ளைக இருக்கு, வீட்டுல வேற ஒண்ணா என்றாள். உனக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டேன், இவன் என் பொறுப்பு என்றார் அவர். அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார், ஒன்பது வருஷமும் சோறு வைத்தது, குளிப்பாட்டியது, காது துடைத்தது, வாந்தி எடுத்தால் அள்ளியது எல்லாம் அவர்தான். அவர் அவன் என்பார், இவள் அது என்பாள். அவன் சாப்பிட்டானா என்பார், அது சாப்பிட்டுட்டு என்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் பேசுவதற்கு இப்படி ஒரு விஷயம் கிடைத்தது, இல்லையென்றால் கடைசி சில வருஷங்கள் இரண்டு பேரும் என்னதான் பேசியிருப்பார்கள். இப்போது அவர் இல்லை, பொறுப்பு மட்டும் நாலு காலில் நின்றுகொண்டு தினமும் காலையில் அவள் கட்டிலுக்கு அருகில் மூச்சுவிடுகிறது. வெறுப்பு என்று சொல்ல முடியாது. வெறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்வருகிறாள். முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர், தண்ணீர், காருக்குள் தண்ணீர் வைத்தோமா. வைக்கவில்லை. கிண்ணம் வீட்டிலேயே இருக்கிறது. காலையில் ஒரு கிண்ணம் குடித்ததே, அது போதும். பெட்டியில் பத்து எரிந்தது.

பத்து எரிந்ததும் பத்தாம் நம்பர்க்காரர் கவுன்டரில் போய் நின்றார், நின்றவர் நின்றபடியே இருந்தார். கவுன்டர் பெண் எதையோ கையெழுத்து வாங்க உள்ளே போய்விட்டாள், அவள் நாற்காலியில் ஒரு பூப்போட்ட துண்டு மட்டும் கிடந்தது. சலோமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்றாக ஐந்து நிமிஷம். காது கொடுத்துக் கேட்டாள். குரைப்புச் சத்தம் இல்லை. குரைக்கவில்லை என்றால் சரியாகத்தான் இருக்கிறது, சீட்டில் படுத்துத் தூங்கியிருக்கும், அதற்கும் வயசாகிறது. பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு மனிதர், மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்தவர், துண்டால் விசிறிக்கொண்டே, இந்த வெயிலு ஆள அவிச்சுப்போடும் போலுக்கே, டீச்சர் என்றார். டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றி, கேட்கவில்லை, முகத்திலேயே எழுதியிருக்கும், முப்பத்தொரு வருஷம். அவிச்சுப்போடும். எட்டாம் வகுப்பு, வெப்பம். கரும்பலகையில் ஒரு சதுரம் போட்டு, மேலே சூரியன் போட்டு, சதுரத்துக்குள் நுழைகிற மாதிரி அம்புக்குறிகள், உள்ளேயே மோதித் திரும்புகிற அம்புக்குறிகள். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், வெப்பத்தை வெளியே விடாது, எழுதிக்கோங்க. ஒவ்வொரு வருஷமும் அதே சதுரம், அதே சாக்பீஸ் தூள். எந்த வருஷமோ பின்பெஞ்சில் இருந்து ஒரு பெண், வேணி என்று பேர், எழுந்து, டீச்சர், உள்ள போன வெயிலு எப்ப வெளிய வரும் என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. கதவத் திறந்தா வரும், உக்காரு என்றாள் சலோமி. நல்ல பதில் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், நாய்க்கு அப்படி வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். அதுவும் பாடத்தில் உண்டு, அதுவும் ஐந்து மதிப்பெண் கேள்வி. நிழலில் நிற்கிற காருக்கு அதெல்லாம் பொருந்தாது. கார் நிழலில் நிற்கிறது. இரண்டு விரல் அகலம் திறந்திருக்கிறது. காற்று போகும். போகுமா.

பெட்டியில் பதினொன்று வந்து போனது. பன்னிரண்டாம் நம்பர்க்காரர் வரவேயில்லை போலிருக்கிறது, இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் பதின்மூன்றைக் கூப்பிட்டார்கள், பதின்மூன்று ஒரு பெரிய குடும்பமாக எழுந்து போய்க் கவுன்டரை அடைத்துக்கொண்டது. எட்டிப் பார்ப்பதற்காகச் சலோமி உடம்பை இடதுபக்கம் சாய்த்தாள், அப்போது ஜன்னல் தெரிந்தது, ஜன்னல் வழியாகக் காம்பவுண்டு, காம்பவுண்டில் வேப்பமரம், மரத்துக்கு மேற்கே பளீர் என்று கண்ணைக் குத்துகிற வெள்ளையாக ஒன்று. அவளுடைய கார். வந்தபோது முழுசாக மரத்தின் நிழலுக்குள் இருந்தது, இப்போது நிழல் சுருங்கி மரத்தடிக்குப் போய்விட்டது, அந்த மூன்று தெருநாய்களும் நிழல்கூடவே நகர்ந்து வேரோடு ஒட்டிப் படுத்திருந்தன. சூரியன் ஏற ஏற நிழல் குறையும். ஆறாம் வகுப்பு. மணி பதினொன்றேகால். எழுந்திரு, என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. போய்க் காரை நகர்த்திவிட்டு வரலாம், அல்லது கதவைத் திறந்து ஒரு நிமிஷம் காற்றுவிட்டு வரலாம், போக இரண்டு நிமிஷம், வர இரண்டு நிமிஷம், இந்த முழங்காலோடு மூன்று மூன்று. அதற்குள் பதினாலு வந்துவிட்டால். மஞ்சள் சட்டைக்காரரிடம் திரும்பி, நம்பர் வந்தா ஒரு வார்த்தை சொல்லுதீங்களா, வண்டியில நாய் கெடக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன் என்றாள். நான் சொல்லுதேன் டீச்சர், ஆனா அந்தப் பிள்ளை கேக்காதே, ஆள் நிக்கணும்னு சொல்லும், அடுத்தது நீங்கதான என்றார் அவர். ஆமா, அடுத்தது நான்தான். பாதி எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெரிய குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார், முடிந்துவிடும், இதோ கையெழுத்துப் போடுகிறார். குரைப்புச் சத்தம் இல்லையே. ஏதாவது என்றால் குரைக்காதா, குரைப்பதற்கு அதற்குச் சொல்லியா கொடுக்க வேண்டும், அன்றைக்கு எப்படிக் குரைத்தது.

அன்றைக்கு என்று தொடங்குகிற இடத்துக்கு அவள் மனசு போகாமலிருக்க எட்டு மாதமாக எத்தனையோ வழி வைத்திருந்தாள், பாத்திரம் கழுவுவாள், வேதப்புத்தகத்தைத் திறப்பாள், ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். இந்த பெஞ்சில் ஒன்றுமில்லை. செப்டம்பர், சனிக்கிழமை மத்தியானம், தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவர் மோட்டாரைப் பார்க்கிறேன் என்று பின்வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நாய் குரைக்கத் தொடங்கியது. அது எப்போதும் குரைக்கிற நாய்தான், பூனையைக் கண்டால் குரைக்கும், காக்காய் உட்கார்ந்தால் குரைக்கும், கொரியர் வந்தால் குரைக்கும். ஏங்க, அத சும்மா இருக்கச் சொல்லுங்க என்று படுத்தபடி கத்தினாள். குரைப்பு ஜன்னலுக்கு அடியிலேயே வந்தது. பிறகு ஓடிப் பின்னால் போனது, மறுபடி ஜன்னலுக்கு வந்தது, அப்படி வந்தும் போயும் இருந்தது. அவள் எழுந்தாள். எழுந்தது நிஜம். எழுந்து ஜன்னல் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு மறுபடி படுத்தாள். கால் மணி நேரமா, இருபது நிமிஷமா, அதற்குப் பிறகுதான் எழுந்து பின்வாசலுக்குப் போனாள். நெஞ்சு, ஒரே நொடிதாம்மா, நீங்க பக்கத்துலயே நின்னிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பகலில் அதை நம்ப முடிகிறது. அந்த ஜன்னலைச் சாத்தியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவருடைய தங்கை வந்து கட்டிக்கொண்டு அழுதபோதுகூடச் சொல்லவில்லை. தெரிந்தது இந்த நாய்க்கு மட்டும்தான். அதனால்தான் முகத்தைப் பார்ப்பதில்லையோ. அதனால்தான் கிண்ணத்தை மறந்தோமோ. சீ, இது என்ன நினைப்பு, மறந்தது மறந்ததுதான், மனுஷிக்கு மறக்காதா, ஆனால் நிழல் போனதைப் பார்த்தாயே, பார்த்துவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறாய், அது மறதி இல்லையே. பதினாலு வந்ததும் ஒரே நிமிஷம், சான்றிதழைக் கொடுத்து, சுழியைக் காட்டி, வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஓட முடியாது, நடக்கலாம். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் மறுபடி எதையோ சந்தேகம் கேட்டாள். சலோமிக்கு அந்தப் பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. உள்ளங்கை வியர்த்து உறைக்குள் இருந்த எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

பதினாலு. எழுந்து போய் உறையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். கவுன்டர் பெண் பார்த்தாள், அவளுக்கும் நெற்றியில் வியர்வை, நல்ல பெண்தான் என்று இப்போது தோன்றியது. என்னம்மா பிழை என்று கேட்டாள். திரவியம், திரவம்னு விழுந்திருக்கு என்றாள் சலோமி. அந்தப் பெண் ஒரு கணம் படித்துப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், பாவம் என்று சொல்லித் தட்டத் தொடங்கினாள். ஞா, ன, தி, ர. அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு குரல் கேட்டது. வெள்ளைக் காரு யாருது, மரத்துப் பக்கத்துல நிக்க வெள்ளைக் காரு, உள்ள நாய் கெடந்து துடிக்கி. கைலியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர், கையில் இளநீர் வெட்டுகிற அரிவாளோடு, எல்லா முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சலோமி திரும்பவில்லை. இதைப் பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அவளால் மாற்ற முடியாத ஒன்றாக அது நின்றது. காதில் விழுந்தது, என்னுடையது என்று தெரிந்தது, கண் மட்டும் திரையைவிட்டு வரவில்லை, வி விழுந்துவிட்டது, இனி ய, இனி ம், அவ்வளவுதான். மூன்று எழுத்து நேரம். இல்லை, இரண்டு. டீச்சர், உங்க வண்டி இல்லையா என்று மஞ்சள் சட்டைக்காரர் பின்னாலிருந்து கேட்டார். அப்போதுதான் அவள் உடம்பு திரும்பியது. என்னுதுதான் என்ற குரல் யாருடையதோ போல வந்தது. உறை, கைப்பை, எல்லாம் கவுன்டரிலேயே கிடந்தன, சாவி மட்டும் கையில் இருந்தது. முழங்கால் வலித்ததா என்று நினைவில்லை.

கைப்பிடி சுட்டது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்தது காற்று இல்லை, அடுப்பு ஊதுகிற மாதிரி ஒன்று, முகத்தில் அறைந்தது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் நாய் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தது, கீழே கொஞ்சமாவது குளிர்ச்சி இருக்கும் என்று தேடியிருக்கிறது. சீட்டெல்லாம் வாந்தி, கண்ணாடியெல்லாம் எச்சில், இரண்டு விரல் அகலம் திறந்திருந்த இடத்தில் ரப்பர் கடித்துக் கிழிந்திருந்தது. நாக்கு கத்தரிப்பூ நிறத்தில் தொங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. மேஜர் என்றாள். காது அசையவில்லை. அவனத் தூக்குங்க, யாராவது தூக்குங்களேன், என்னால முடியல என்று கத்தினாள். இளநீர்க்காரர், கொம்பையா என்று பிறகு பேர் சொன்னார், அரிவாளைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி மரத்தடியில் கிடத்தினார், தெருநாய்கள் எழுந்து ஒதுங்கி நின்றன. குழாய்த் தண்ணி கொண்டாங்கய்யா, ஐஸ் போட்டுராதீங்க என்று யாரோ சொன்னார்கள். வாட்ச்மேன் வாளியோடு ஓடிவந்தார். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றினார்கள், கொம்பையா தன் அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினார். நானும் ஒரு நாழியாப் பாக்கேன்ம்மா, முதல்ல தவ்விக்கிட்டு இருந்தான், கண்ணாடியப் பிராண்டுனான், சரி, ஆளு வந்துரும்னு நினைச்சேன், பொறவு ஆளையே காணல, நானே கண்ணாடிய உடைச்சிருக்கணும், யாரு வண்டியோ என்னமோன்னு பயந்துட்டேன் என்று விசிறிக்கொண்டே சொன்னார். எல்லாரும் சேர்ந்து தப்புச் செய்த மாதிரி அவர் அழமாட்டாத குறையாகச் சொன்னதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ரோட்டில் போன ஆட்டோவை வாட்ச்மேன் நிறுத்தினார். டிரைவர் பீர்முகம்மது, நடுத்தர வயசு, சீட்டில் சாக்கை விரித்து, ஏத்துங்க, ஏத்துங்க, ஈரத்தோட ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது என்றார். கார் நாலு கதவும் திறந்தபடி வெயிலில் நின்றது. நாயின் தலை சலோமியின் மடியில் இருந்தது, அத்தனை கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, இத்தனை வருஷத்தில் அந்தத் தலையை அவள் கையில் ஏந்தியதேயில்லை. சூடு புடவையைத் தாண்டித் தொடையில் இறங்கியது. முதல் பாலம். சர்ச் மணிக்கூண்டு. ஆண்டவரே என்று தொடங்கினாள், அதற்கு மேல் எந்த வார்த்தையும் வரவில்லை, ஆண்டவரே, ஆண்டவரே என்று அதே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாலம்.

டாக்டர் கோமதிக்கு முப்பது வயசு இருக்கும், கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். ஸ்டீல் மேஜையில் கிடத்தி, தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, நூத்தியெட்டரை என்று உதவிக்கு நின்ற பெண்ணிடம் சொன்னாள், அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கை வேகமாக ஓடியது. முன்காலில் மயிரை மழித்து ஊசி குத்தினார்கள், பாட்டில் தொங்கியது, ஈறைத் தூக்கிப் பார்த்தார்கள், செங்கல் நிறம், வாலுக்கடியில் ரத்தம் வந்திருந்தது. ஒரு ஈரத்துண்டைச் சலோமியின் கையில் கொடுத்து, இதைப் பிழிஞ்சு பிழிஞ்சு வயித்துல வைங்க, ஒரே எடத்துல ரொம்ப நேரம் விட்டுறாதீங்க, மாத்திக்கிட்டே இருங்க என்றாள் டாக்டர். சலோமி செய்தாள். வாளியில் முக்கி, பிழிந்து, வைத்து, எடுத்து. எவ்வளவு நேரம் உள்ள இருந்தான் என்று டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டாள். பத்து நிமிஷம் என்று வாய் சொன்னது. டாக்டர் எழுதாமல் பேனாவை நிறுத்தினாள். சலோமி துண்டை முக்கினாள். அம்பது, அம்பதுக்கு மேலயே இருக்கும், அம்பத்திரெண்டு என்றாள். நிழல்லதான் நிறுத்தினேன், கண்ணாடியும் கொஞ்சம் இறக்கித்தான் இருந்தது. நிழல்ல நின்னாலும் ஏறும்மா, வெயில் வந்துட்டா அவ்வளவுதான், கொஞ்சம் இறக்குறதெல்லாம் ஒண்ணுமே இல்ல, வாரத்துக்கு ஒண்ணு வருது இப்பிடி என்றாள் டாக்டர், கோபமாகச் சொல்லவில்லை, பல தடவை சொல்லிச் சலித்துப்போன குரலாக இருந்தது. குலைக்கவே இல்லையே என்றாள் சலோமி. மூச்சு வாங்கவே பத்தாது, எங்க குலைக்க. வெயில் வந்தத நீங்க பாக்கலையா. சலோமி துண்டைப் பிழிந்தாள். எட்டு மாதமாக வாயில் வைத்துக்கொண்டிருந்த ஒன்றைத் துப்புகிற மாதிரி, பாத்தேன் என்றாள். ஜன்னல் வழியாப் பாத்தேன். என் நம்பர் வரப்போகுதுன்னு உக்காந்துட்டேன். அன்னைக்கும் இப்படித்தான், ஜன்னலச் சாத்திட்டுப் படுத்துட்டேன். டாக்டருக்கு என்றைக்கு என்று புரிந்திருக்காது. அவள் கேட்கவில்லை. நிமிர்ந்து சலோமியை ஒரு தடவை பார்த்தாள், அம்பத்திரெண்டு என்று எழுதினாள், பாட்டிலின் சக்கரத்தைச் சற்றுத் திருகினாள். கிட்னி தாங்கணும், ரத்தம் உறையணும், இன்னிக்குப் பொழுது தாண்டிட்டா கொஞ்சம் நம்பலாம் என்றாள்.

பீர்முகம்மது போகவில்லை, வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார், ஒருமுறை எட்டிப் பார்த்து, ஏதாவது குடிக்கீங்களாம்மா என்று கேட்டார், வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு மணிக்கு நூத்தி மூன்று என்றார்கள், நல்லதுதான் என்றார்கள். இரண்டு மணிக்கு உடம்பு இரண்டு தடவை வெட்டி இழுத்தது, ஊசி போட்டார்கள். முழங்கால் கெஞ்சியது, உதவிப் பெண் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள், உட்கார்ந்தால் மேஜை எட்டவில்லை என்று சலோமி மறுபடி நின்றாள். இரண்டரைக்கு நாயின் கண் மெல்ல நகர்ந்தது, கூரையில் எதையோ தேடியது, கீழே வந்தது, அவள் முகத்தில் நின்றது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. பழுப்புக் கண், ஓரத்தில் வெள்ளை படர்ந்திருந்தது, அதில் கோபம் இல்லை, கணக்கு இல்லை, நீதானா என்பது மட்டும் இருந்தது. பிறகு ஸ்டீல் மேஜையில் தட் என்று ஒரு சத்தம் கேட்டது, இன்னொரு தட். வால். பல்லைக் காட்டியிருக்கலாம், ஒரு உறுமல் உறுமியிருக்கலாம், அதை வாங்கிக்கொள்ள அவள் தயாராகத்தான் நின்றாள். ஆட்டாதல என்றாள். குனிந்து காதோரத்தில், சீழ் நாறுகிற அந்தக் காதோரத்தில், ஆட்டாத, பேசாம படு, எனக்கு ஆட்டாத என்று கெஞ்சினாள். மூன்றாவது தடவையும் வால் எழுந்து விழுந்தது, முதல் இரண்டைவிட மெதுவாக.

மூன்றே முக்காலுக்கு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள், இடம் மாற்றி வைத்தாள், வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். உதவிப் பெண் பாட்டிலின் சக்கரத்தை மூடினாள். சலோமி துண்டை வாளியில் முக்கி, பிழிந்து, வயிற்றில் வைத்தாள். எடுத்து, முக்கி, பிழிந்து, தொடையிடுக்கில் வைத்தாள். அம்மா, போதும் என்றாள் டாக்டர். சலோமி துண்டை எடுத்து வாளியில் முக்கினாள். டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், இறுக்கமாக இல்லை, சும்மா தொட்டது போலத்தான். இன்னும் சூடு இருக்கே டாக்டர் என்றாள் சலோமி. பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் துண்டைப் பிழிந்து, பக்கம் மாற்றி மடித்து, அவன் வயிற்றில் வைத்தாள்.